கடைசி அலசல்

கீ... கீ... கீ...!

சமையலறையிலிருந்து சத்தம் கிளம்பியதும் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் காதைப் பொத்திக்கொண்டார்.

"வந்துட்டாடா மகராசி! இந்த வீட்டுல மருமக குரல் கேட்டு ஆறு நாளாச்சு. இவ குரல்தான் கேக்குது."

அவர் மகன் மெக்கானிக். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஒரு செருப்பைக் கழற்றியிருந்தான். இன்னொன்றைக் கழற்றாமலே ஓடிவந்து பாத்திரம் கழுவும் மிஷின் முன்னால் மண்டியிட்டான். முகப்பில் குட்டிக் குழாய்ப் படம் ஒன்று சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் தண்ணி வரலைங்குது! வால்வை மாத்தியாச்சு, வடிகட்டியைப் பிரிச்சு மேஞ்சாச்சு. இதுக்குள்ள என்ன பிசாசா குடியிருக்கு?"

பிசாசு அடுப்போரமாக நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

அவன் மனைவிக்குத் தெரியும். மிஷினுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டியிருக்கும் குழாயின் பிடியை ஒரு திருகு திருகினால் போதும், தண்ணீர் நின்றுவிடும். ஊரான் வீட்டு மிஷினின் குடலையெல்லாம் உருவிப் பார்க்கிறவன், தான் மாட்டிய குழாயைத் தொட்டுப் பார்ப்பானா? தன் கைவேலை மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

அது பல் டாக்டரம்மாவின் மிஷின். ரிப்பேருக்கு வரும் பெரிய சாமான்களை மெக்கானிக் உடனே திருப்பிக் கொடுத்துவிட மாட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று நாள் தொடர்ந்து நிற்காமல் ஓடினால்தான் கொடுப்பான். அது அவன் தொழில் தர்மம். அப்படி அவள் சமையலறைக்கு எத்தனையோ மிஷின்கள் விருந்தாளியாக வந்து போயிருக்கின்றன. போன எதற்காகவும் அவள் ஏங்கியதில்லை.

இது அப்படியில்லை. பகலெல்லாம் ஆஸ்பத்திரி சோதனைக்கூடத்தில் சீசா கழுவும் வேலை அவளுக்கு. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் கணுக்களெல்லாம் வெடித்திருந்தன. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஐந்து பேர் சாப்பிட்ட பாத்திரம் தொட்டியில் மலையாகக் காத்திருக்கும். வெடிப்பில் காரம் பட்டால் உயிர் போகும். முதல் நாள் பாத்திரங்களை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்றே கடைசி அலசலுக்குத் தண்ணீர் எடுக்கும் நேரம் பார்த்துக் குழாயை மூடினாள். அவன் திருகாணிகளோடு மல்லுக்கட்டி ஓயும்போது சத்தமில்லாமல் திறந்துவிடுவாள். பாத்திரமும் சுத்தமாகிவிடும், மூன்று நாள் கணக்கும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

நாலாம் நாள் மட்டும் ஒரு கூத்து. அசதியில் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். கீச்சொலி கேட்டுத்தான் விழித்தாள். போய்ப் பார்த்தால் குழாய் மூடியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் நாமேதான் மூடியிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு தடவை, "இந்த மாதிரி ஒண்ணு நாமளும்..." என்று ஆரம்பித்துப் பார்த்தாள்.

"நாலு மாசச் சம்பளத்தைக் கொட்டி அழணும். காசைக் கரியாக்கற சாமான்" என்று அவன் முடித்துவிட்டான்.

இன்று அவள் குழாயைத் திறக்கப் போகுமுன் வாசல் மணி அடித்தது. பல் டாக்டரம்மாவே வந்து நின்றாள். பின்னால் ஒரு வேனும் இரண்டு ஆட்களும். கீ... கீ... என்ற சத்தம் அவர்களை வரவேற்றது.

"இன்னுமா சரியாகல, மெக்கானிக்?" டாக்டரம்மா அலுத்துக்கொண்டாள். "ஆசைப்பட்டு வாங்கித் தொலைச்சேன். வீட்டுல நாங்க ரெண்டே பேர், தட்டு ரெண்டே ரெண்டு. இந்தச் சனியன் காசுக்குத் தகுமா தகாதா, ஒளிக்காமச் சொல்லுங்க. தகாதுன்னா இங்கயே விட்டுட்டுப் போறேன். பழைய சாமான் விலைக்கு நீங்களே எடுத்துக்குங்க."

பழைய சாமான் விலை! அவள் கையிலிருந்த வெங்காயம் நழுவியது.

மெக்கானிக் திரும்பினான். அவளைப் பார்த்தான். 'தகாது' என்று ஒரு வார்த்தை. ஆறு நாளாக ஊருக்கே கேட்கிற மாதிரி அவன் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான். இப்போது பார்த்து அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது.

சும்மா நின்றால் போதும், மிஷின் அவளுக்கு. ஆனால் நல்ல மிஷினுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்து, அடுத்தவள் பொருளைக் குப்பை விலைக்கு அடித்துப் பிடுங்குவதா? அதில் கழுவிய தட்டில் சோறு இறங்குமா?

அவள் குனிந்து கையை உள்ளே விட்டுக் குழாயைத் திறந்தாள். சத்தம் நின்றது. மிஷின் களகளவென்று தண்ணீர் குடித்தது.

"மிஷின்ல ஒரு குறையும் இல்லைம்மா. தினமும் குழாயை நான்தான் மூடினேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமேன்னுதான்."

டாக்டரம்மாவின் கண் அவள் விரல்களுக்குப் போயிற்று. வெடிப்புகள் கொஞ்சம் ஆறி, மேலே பொருக்குத் தட்டியிருந்தது.

"அப்ப தகும்கறீங்க?"

"உங்களுக்கு எப்படியோ, தெரியாதும்மா. எனக்குத் தகும்."

"நல்லவேளை சொன்னீங்க. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட இருந்தேன். இனி நல்ல விலைக்கே போகும்."

அலசல் முடிந்ததும் டாக்டரம்மா கூலியைக் கொடுத்தாள். பாத்திரங்களை வெளியே எடுத்துவைத்ததும் ஆட்கள் மிஷினைத் தூக்கினார்கள். அது இருந்த இடத்தில் நாலு ஈரத் தடம் மட்டும் மிஞ்சியது.

"உண்மையைச் சொன்னா சோறு கிடைக்கும். பாத்திரம் நாமதான் கழுவணும்" என்றார் மாமனார்.

ராத்திரிச் சமையலுக்காக வெந்துகொண்டிருந்ததை இறக்கிவிட்டு, மிஷினில் அடங்காத மத்தியானத்துச் சட்டியைத் தொட்டியில் போட்டுச் சோப்பை எடுத்தாள். முதல் தேய்ப்பிலேயே ஒரு பொருக்குப் பிய்ந்து சுரீரென்றது. மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு காலில் இன்னும் செருப்பு இருந்தது. திட்டட்டும் என்று அவள் திரும்பிப் பார்க்காமலே தேய்த்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க. ஆறு நாளா உங்களை முட்டாளாக்கிட்டேன்."

அவன் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"அஞ்சு நாள்தான். நாலாம் நாள் நீ தூங்கிட்டே, குழாயை மூடினது நான்."