சேக் தாவூதின் நிறம்

கோட்டையூர் சேக் தாவூது காலை மாத்திரையைப் போட்டதும் தாடி உட்படச் செங்கல் சிவப்பாகிவிடுவார். விடியும்போது நிறம் வெளுக்கும். அதை மனைவி சுலைகாவும் மகள் சுஹானாவும் தவிர யாரும் பார்த்ததில்லை. நெஞ்சடைப்பு வந்த வருடம் தொடங்கியது இது. மருந்து காரணமல்ல, மாத்திரையின் மேல்பூச்சு நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடுதான், அதுவும் உடம்பில் எந்த வேலையும் செய்யாத பொருள் என்றார் காரைக்குடி டாக்டர். "வேலை செய்யாததே இம்புட்டு வேலை பாக்குதா?" என்று கேட்டார் சுலைகா. மாத்திரையை ஒருநாள் விட்டாலும் உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்து அனுப்பினார் டாக்டர். ஊர் பழகிக்கொண்டது. வீட்டின் சிவப்பு ஆத்தங்குடிக் கல் தரையில் சட்டையில்லாமல் படுத்தால் ஆள் இருப்பதே தெரியாது; சுலைகா இரண்டு தடவை மிதித்திருக்கிறார்.

சுஹானாவின் நிக்காஹ் வந்தது. போட்டோவில் மகள் பக்கத்தில் சொந்த நிறத்தில் நிற்க ஆசைப்பட்டார் மனிதர். வீட்டுப் பெண்கள் முன்னாடியே மண்டபத்துக்குக் கிளம்பிவிட, மாத்திரையை விழுங்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தனியாகப் போய்ச் சேர்ந்தார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பல வருடமாக அடுத்த வீட்டில் குடியிருக்கும் இதை எழுதுகிறவன்கூட, அவரைச் சமையல்காரர் என்று நினைத்துப் பிரியாணி எப்போது என்று விசாரித்தான்.

"பொண்ணோட அத்தா எங்க?" என்று கேட்டார் நிக்காஹ் நடத்த வந்த ஹஜரத்.

"நாந்தேன்."

ஒரு கிழவர் கையிலிருந்த சர்பத் கிளாஸ் நழுவி உடைந்தது. "சேக் தாவூது பாய எங்களுக்குத் தெரியாதாக்கும்? இப்படி மாநெறமாவா இருப்பாக?" என்று எகிறினார் மாப்பிள்ளையின் மாமா. ஒருவர் போலீசுக்கே போன் போட்டுவிட்டார். அத்தா இல்லாமல் நிக்காஹ் எப்படி என்று ஹஜரத் கிதாபை மூடினார். சேக் தாவூதுக்கு நெற்றி வேர்த்து, கை நெஞ்சுக்குப் போனது.

கூச்சல் கேட்டுப் பெண்கள் பக்கத்துத் திரை விலகியது. எட்டிப் பார்த்தாள் சுஹானா. "அய்யோ அத்தா, மாத்திர போடலையா?" என்று அலறியபடி, நகையும் பூவும் சரியத் தண்ணீரோடு ஓடி வந்தாள் மணப்பெண்.

"போட்டோவுக்கு..." என்றார் அவர்.

"போட்டோவுல யாருத்தா நிப்பா, நீங்க போயிட்டீகன்னா?"

ஒரு கையால் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு மாத்திரையை விழுங்கினார். உள்ளங்காலில் பிடித்த சிவப்பு எல்லோர் கண்ணெதிரிலும் மேலேறித் தாடியைத் தொட்டது. நெஞ்சிலிருந்து கை இறங்கியது. ஹஜரத் தொண்டையைச் செருமிக்கொண்டு கிதாபைத் திறந்தார். "இப்பத்தேன் சம்பந்தி மாதிரி இருக்காக" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. வந்த போலீஸ்காரர் பிரியாணி சாப்பிட்டுப் போனார்.

அவர் பற்றிய இடத்தில், சுஹானாவின் கையில் ஐந்து விரல் சிவப்பு ஒட்டியிருந்தது. மருதாணி வெளுத்து வெகுநாளான பிறகும் அது போகவில்லை. அவள் தேய்த்துப் பார்க்கவும் இல்லை.