ஐந்து பேர் போட்ட கால அட்டவணை

பேச்சுப் பயிற்சி மாணவிக்குத் தன் திட்டத்தின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. இயன்முறை மருத்துவம், மனநலம், பல் மருத்துவம், சட்டம் என்று ஆளுக்கொரு திசையில் முதுகலை படிக்கும் நால்வரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் துணைநிற்கக் கற்கும் வகுப்பு அது. ஐவரும் கலந்து பேசி ஒரே திட்டம் போட வேண்டும் என்பது விதி. ஆளாளுக்குத் தனியாக எழுதி வந்து, தாள்களை ஸ்டேப்ளர் பின் போட்டு ஒன்றாக்கியிருந்தார்கள்.

எதிரே, அந்தத் திட்டம் யாருக்காகவோ அந்த இருபத்து நான்கு வயதுப் பெண்; பக்கத்தில் அவள் அக்கா. தங்கைக்கு வார்த்தை நிதானமாகத்தான் வரும். சலவைக் கடையில் துணி மடிக்கும் வேலை கிடைத்திருந்தது. இன்று பன்னிரண்டு மணிக்குள் போன் செய்து, வேலைக்கு வருவதாகச் சொல்லாவிட்டால் முதலாளி வேறு ஆளை வைத்துக்கொள்வார். இப்போது மணி பதினொன்றரை.

அக்கா தாள்களைப் புரட்டி, கைபேசியில் கூட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வருது. இவ எப்போ வேலைக்குப் போவா? பல்லு தேய்க்கவே முக்கால் மணி நேரம் போட்டிருக்கீங்க."

"மூணு வேளைக்கும் சேர்த்துங்க," என்றான் பல் மருத்துவ மாணவன், தலையைச் சொறிந்துகொண்டே.

பேரம் ஆரம்பித்தது. அடுத்தவர் பங்கைக் குறைக்க எல்லோருக்கும் பரம சம்மதம். சட்டக்காரர்கூடத் தன் அரை மணி நேர உரிமைப் பாடத்தை விடுவதாக இல்லை. நம் மாணவியும் லேசுப்பட்டவள் அல்ல.

"பேச்சு சரியா வராம கடையில எப்படிங்க சமாளிப்பாங்க? முதல்ல என்னோட ரெண்டு மணி நேரம். வேலையை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

தங்கை மேசையைத் தட்டினாள். "கடையில... பேசுவேன். என்கிட்ட... யாரும்... கேக்கல."

மாணவிக்குச் சுருக்கென்றது. உண்மைதான், இத்தனை நேரம் வாய் ஓயாமல் பேசியவர்களில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. தன் தாளை உருவி நான்காகக் கிழித்தாள்.

"நீங்க வேலைக்குப் போங்க. நான் வேணும்னு தோணினா கூப்பிடுங்க, கடைக்கே வர்றேன்."

"துணி மடிக்கிறதே கைக்கு நல்ல பயிற்சிதான்," என்று இயன்முறைக்காரனும் இறங்கி வந்தான். மற்றவர்கள் பேனாவை எடுத்துத் தங்கள் பங்கை அடிக்கத் தொடங்கினார்கள்.

அக்கா முதலாளிக்கு போன் போட்டாள். மணி அடிக்கும்போதே தங்கை அதை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு..." அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்கிறார் முதலாளி. அடுத்த சொல் மாணவியின் நாக்கு நுனியில் நிற்கிறது. எடுத்துக் கொடுத்தே பழகிய வாய். உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு... வரேன்."

"சரிம்மா, வந்துடு."

தங்கை போனை வைத்துவிட்டு மாணவியின் முகத்தையே பார்த்தாள்.

"சும்மா இருக்க... ரொம்ப... கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமா," என்றாள் மாணவி. "ரொம்பவே."