வா என்று சொல்லாத யாகூப் பாய்

பேச வேண்டியது எட்டே நிமிடம். அதற்காக ஒரு மாதமாக வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. யாரையும் என்றால் என் கணவன் சைமனைத்தான். வேலை முடிந்து பசியோடு வருகிறவனைச் சோபாவில் உட்காரவைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பிப்பேன். பாவம், வியர்த்துக் கொட்டக் கொட்டக் கேட்டுவிட்டு, "சூப்பருங்க" என்பான். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எனக்கு முன்பாகவே அடுத்த வரியைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைத் திரும்பப் பேசவைப்பது என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். எங்கள் ஊரில் பாசம் பொங்கினால் "மக்களே, இங்க வா" என்போம். இந்த ஊர் வேறு மாதிரி. சைமன் தெரு நாயைக்கூட "அந்தப் பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவான். நாய் போகாது. அதற்கும் மரியாதை பழகிவிட்டது போலிருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் எனக்கு இது சிரிப்பாகவே இருந்தது.

கோவையிலேயே நடக்கும் மாநில மாநாட்டில் இளையோர் அமர்வுக்கு என் ஆய்வைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைப்பு, 'ஏவல் சொற்கள் ஏன் திரும்புவதில்லை?' என் நோயாளிகளுக்குச் சாமான்களின் பெயர்கள் மெல்லத் திரும்பிவந்தன. ஆனால் வா, போ, கொடு என்று அடுத்தவரிடம் சொல்லும் சொற்கள் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. எல்லாருக்கும் பூஜ்யம். இதை வைத்து மூளையின் மடிப்பு வரைக்கும் போய் ஒரு பெரிய காரணமே கண்டுபிடித்து வைத்திருந்தேன். பரிசு எனக்குத்தான் என்று உள்ளூர நம்பினேன். அதற்கு எந்தச் சேலை கட்டுவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

என் உரையின் உச்சம் ஒரு வீடியோ. அதில் இருப்பவர் யாகூப் பாய். உக்கடத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். பேச்சு போனதிலிருந்து கடைப்பக்கமே போகாதவர். வீடியோவில் நான் பூட்டைக் காட்டினால் "பூட்டு" என்கிறார், ஆணியைக் காட்டினால் "ஆணி" என்கிறார். "வா, சொல்லுங்க பாய், வா" என்றதும் வாயை இறுக்க மூடிக்கொண்டு சீலிங்கைப் பார்க்கிறார். மூன்று முறை கேட்டும் அதே சீலிங்.

முகம் தெரியும் வீடியோவை அரங்கில் போடுவதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும். மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்பு பாயையும் அவர் மனைவி இஸ்மத்தையும் பயிற்சி அறையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். சீலிங் வந்த இடத்தில் இஸ்மத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏங்க சிரிக்கிறீங்க?"

"ஏனுங்க மேடம், உங்க மூஞ்சியப் பாத்துட்டு அவங்க எப்படீங்க 'வா'ங்கறது?"

"என்னைக் கூப்பிடச் சொல்லலைங்க. அது வெறும் பரீட்சை. ஒரு வார்த்தை."

"உங்களுக்குப் பரீட்சைங்க. அவங்களுக்கு எதுத்தாப்பல ஒரு பொம்பளப் புள்ள உக்காந்திருக்குதுல்லங்க. கட்டுன பொண்டாட்டி என்னையே அவங்க 'வா'ன்னு கூப்பிட்டதில்லீங்க. கடைக்கு வர்ற சின்னப் பசங்களுக்கும் 'வாங்க'தான். இப்ப மட்டும் வாய் வருங்களா?"

யாகூப் பாயைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து, மாட்டிக்கொண்ட பையனைப் போல ஓரமாகச் சிரித்தார்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "பாய், சொல்லுங்க. வாங்க."

"வாங்க" என்றார் பாய். தடங்கல் இல்லை, திக்கல் இல்லை. கடை வாசலில் நின்று ஆயுள் முழுக்கச் சொன்ன சொல் அப்படியே வெளியே வந்தது.

மறுநாள் காலை சோமனூரிலிருந்து பயிற்சிக்கு வரும் இருதயம்மாளிடம் "போங்க" என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். அடுத்தவரும் சொன்னார். பரீட்சைத் தாள் எங்கேயோ தயாரானது. அதை 'வா', 'போ' என்று இந்த ஊரில் வாசித்துக்கொண்டிருந்தது நான். மூளையின் மடிப்பில் ஒரு கோளாறும் இல்லை. மரியாதையில்லாமல் பேசச் சொன்னேன், அவர்கள் மறுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். என் ஆய்வு மொத்தமாகக் கவிழ்ந்துவிட்டது. வருத்தம் வர வேண்டும்தானே? எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வராந்தாவில் ஆடாத குறைதான். வராது என்று நான் எழுதிவைத்த வார்த்தைகள் எல்லாம் அவர்களுக்குள் பத்திரமாக இருந்தனவே!

அமர்வுத் தலைவர் டாக்டர் சாய்ப்ரியாவுக்குப் போன் போட்டு, உரையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

"தாராளமா மாத்துங்க ஜெனிஷா. பழசை விட இது நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு. நீங்க சொன்னீங்க, அவங்க திருப்பிச் சொன்னாங்க. அதைப் பேச்சுன்னு சொல்ல முடியாது. யாராவது ஒருத்தர் தானா, தன் தேவைக்குச் சொன்னாங்களா? நாளைக்கு முதல் கேள்வியா நானே இதைத்தான் கேப்பேன்."

என் ஆட்டம் அங்கேயே நின்றது. தானாக யாரும் சொல்லவில்லை. ஒருவர்கூட.

மத்தியானத்துக்குள் உரையைத் திரும்ப எழுதிவிட்டேன். கடைசிப் பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. சைமனுக்குப் போன் செய்து புலம்பினேன்.

"கேட்டாங்கன்னா 'இன்னும் இல்லீங்க'ன்னு உள்ளதச் சொல்லிப்போடுங்க" என்றான்.

சரியான யோசனைதான். ஆனால் மனசு ஒப்பவில்லை. "இன்னும் இல்லீங்க" என்று முடிகிற உரைக்கு யார் கை தட்டுவார்கள்? கை தட்டலாவது போகட்டும். தானாக நாலு வார்த்தை வந்தால்தானே பாய் திரும்பக் கடையில் உட்கார முடியும்?

சாயங்காலம் கடைசி ஒத்திகை. சைமன் ஓய்வு கேட்டிருந்ததால் பயிற்சிக்கு வந்தவர்களையே சபையாக்கினேன். அறையில் நாற்காலி போதவில்லை. என்னுடையதை இருதயம்மாளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினேன். முதல் முறை நேரம் மீறியது. இரண்டாம் முறை நடுவில் மறந்துபோனது. மூன்றாம் முறைதான் சரியாக அமைந்தது. அதற்குள் புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் நின்றபடி, "எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். யாகூப் பாய் ஆட்டவில்லை. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்தடியை ஊன்றி, இஸ்மத் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நல்ல கையால் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். உதடு துடித்தது.

"உ... உக்..."

எனக்குச் சொல் தெரிந்துவிட்டது. நுனி நாக்கு வரை வந்துவிட்டது. இத்தனை நாள் அடியெடுத்துக் கொடுத்தே பழகிய நாக்கு. எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் அது என் சொல்லாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டேன். இஸ்மத் வாயைத் திறக்கப்போனார். அவர் கையை அழுத்திப் பிடித்து வேண்டாம் என்று தலையாட்டினேன். பாய் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது போன்ற கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை.

"உக்... காருங்க."

யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வந்த ஆள் நிற்கிறாளே என்று அவராகச் சொன்னார். இஸ்மத் அழத் தொடங்கிவிட்டார். இருதயம்மாள் நல்ல கையால் தொடையில் தட்டிக்கொண்டே சிரித்தார். நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன்.

பாய்க்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலி போட்ட பிறகும் நிற்கும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் அதட்டும் தோரணையில், இந்த முறை திக்காமல் சொன்னார்:

"உக்காருங்க!"

உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நாளைக்கு சாய்ப்ரியா மேடம் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். கேட்க மறந்துவிட்டால், கேளுங்க மேடம், கேளுங்க என்று நானே கெஞ்சுவேன்.