கை தவறிய பிஸ்கட்

உடைந்த பிஸ்கட்டை விற்கக் கூடாது, வேலை செய்பவர்கள் தின்னலாம் என்பது எங்கள் பேக்கரியின் சட்டம். முந்திரி பிஸ்கட் முதன்முதலாக அடுப்பிலிருந்து வந்த அன்று, என்னோடு அங்கே வேலை செய்யும் என் நாத்தனார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அடுத்த நொடி, அவள் கையிலிருந்த ட்ரே மேசைமேல் தடாலென்று விழுந்து, பிஸ்கட்டெல்லாம் உடைந்தன.

முதலாளியம்மா ஓடி வந்தார். "வேணும்னேதானே போட்டே?"

"ஐயோ, சத்தியமா இல்லக்கா! கை தவறிடுச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டியது. மாவு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். இன்னொன்றும் போட்டார். பிறகு அடுத்த ட்ரேயிலிருந்து முழு பிஸ்கட் ஒன்றை எடுத்து, எங்கள் மூக்குக்கு நேரே படக்கென்று உடைத்தார்.

"உங்கள மாதிரி எனக்குப் பொய் சொல்ல வராதுடி. இது வேணும்னேதான்!"