தொண்ணூற்றொன்பதாவது பூ

தொண்ணூற்றில் அறுந்தால் விட்டுவிடுவார்கள். நூறாவது பூவைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு அறுந்தால்தான் திரும்ப வருவார்கள். தொண்ணூற்றொன்பதில் அறுக்க வேண்டும்.

ஜாஸ்லின் இப்படி நினைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் வேலை பார்த்த வரன் தேடும் இணையதளத்தில், பெற்றவர்கள் நாலு நாள் பார்த்துவிட்டு அலுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக அவள் ஒரு மாலை கட்டும் விளையாட்டைச் செய்தாள். தினம் ஒரு பூ. ஒரு நாள் தவறினால் எல்லாம் வாடிவிடும். நூறு பூ சேர்ந்தால் பெண்ணின் படம் ஒரு வாரம் முதல் பக்கத்தில் வரும். ஆனால் தொண்ணூற்றொன்பதாவது பூவைக் கோத்ததும் நூல் அறுந்து நாற்பது பூ உதிரும். நூற்றை இதுவரை யாரும் தொட்டதில்லை.

நேற்று மேனேஜர் சிவராமன் தினமும் ஆடுகிறவர்களின் பட்டியலைத் திரையில் போட்டார்.

"பாலக்கரையில ஒரு அம்மா. இருநூத்தி அம்பத்தெட்டு நாள், ஒரு நாள் லீவு இல்லை. நாலு தடவை அறுந்தும் வராங்க. நம்ம ஸ்டாஃப்கூட இவ்வளவு ஒழுங்கா வர்றதில்லைங்க. பொண்ணு எப்படி இருக்குமோ, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். திரையில் லூர்துராணி என்று இருந்தது. பக்கத்தில் ஜாஸ்லினுடைய அம்மாவின் போன் எண். ஜாஸ்லினும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் சிரிப்பு ஒரு கணம் நீண்டது. அதுதான் இரவெல்லாம் உறுத்தியது.

இன்று புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் புரை எடுத்திருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொன்றிலும் பார்வை மங்கல். அம்மா தலையணைக்கு அடியில் துழாவிப் போனை எடுத்தாள்.

"திட்டாத. முப்பத்துமூணு வயசுல கல்யாணப் பேச்சே வேணாம்னு சொன்னே. உனக்குத் தெரியாமத்தான் பதிஞ்சேன். உங்க ஆபீஸ்தானே, மோசம் போகாதுன்னு."

ஜாஸ்லின் போனை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்குப் பூவை நீ போடும்மா. நான் போட்டா கடைசில அறுந்துடுது. உங்கப்பா போனதுலேர்ந்து என் கை ராசியில்லாத கை. சாமி மாலையையே யாரும் என்கிட்ட கட்டக் கொடுக்கறதில்லை, கல்யாண மாலை நிக்குமா? உன் கை அப்படி இல்லை."

"விளையாட்டும்மா இது."

"இருக்கட்டும். எவனோ நல்ல மனசுக்காரன் செஞ்சிருக்கான். மத்த இடத்துல போட்டோவைப் பார்த்துட்டு சும்மா உக்காந்திருக்கணும். இவன் பெத்தவளுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கான்."

அந்த நல்ல மனசுக்காரன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. திரையில் தொண்ணூற்றெட்டு மல்லிகை. ஒரு மொட்டு துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பின் வேகத்தையும் அவள்தான் கூட்டிக் குறைத்துப் பார்த்து முடிவு செய்தவள். தொட்டால் நூல் அறுந்து ஐம்பத்தொன்பது; தன் ராசி மகள் கையிலும் ஒட்டிவிட்டது என்று இன்னும் நாற்பது காலை அம்மா தன் கையைச் சபித்துக்கொள்வாள். தொடாவிட்டால் இன்றோடு எல்லாம் போய்விடும். அதற்குப் பழி மகளின் கைக்கு.

"போட்டுட்டியா?" கட்டுப்போட்ட முகம் அவள் பக்கம் திரும்பியது. "நின்னுதா?"

ஜாஸ்லின் போனை அணைத்து, சொட்டு மருந்து இருந்த பைக்குள் அடியில் வைத்தாள்.

"இல்லைம்மா," என்றாள். "நான் போட மாட்டேன்."