மேலாளருக்கு வைத்த மீசை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. இத்தனை நாள் இதைப் பற்றி வாய் திறக்காத அக்கா, நேற்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள். உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பது அவள் வேலை. இன்றுதான் மறுபடி போன் முன்னால் உட்காரப் போயிருக்கிறாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

முதல் வரி: 'அன்று வானம் இருண்டு...' (வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

இரண்டாவது முயற்சி: 'ஒரு தகப்பன் போனில் கதறிக்கொண்டிருந்தான். குழந்தையின் தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி போய்ச் சேர்வதற்குள்...'

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு, மணி அடித்தால் அக்காவின் கை போனுக்குப் போகவில்லை. அடிக்கடி லீவு போட்டாள். கேட்டால் தலைவலி என்றாள். (தலைவலி, காய்ச்சல் என்று யாரும் கூசாமல் லீவு கேட்கலாம். மனசு சரியில்லை என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.)

2

அக்கா சொன்னதில் வில்லன் யாரும் இல்லை. கதைக்கு வில்லன் வேண்டுமே! மேலாளரைப் பிடித்தேன். முறுக்கு மீசை வைத்தேன், மேசையைக் குத்த வைத்தேன். காலையில் கிளம்பும்போது அக்கா எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்த மனுஷனுக்கு ஏதுடா மீசை? சத்தமா பேசக்கூட வராது அவருக்கு."

மீசையை எடுத்துவிட்டேன். நடந்தது இதுதான். அவர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தலைவலி எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல சார்."

"எனக்கும் ஒரு தடவ வந்துச்சு இந்தத் தலைவலி. நானும் போன் எடுத்தவன்தானே. ஒரு மாசம் சும்மா இரும்மா."

இந்த 'சும்மா'வை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு கொஞ்சமா? சும்மா வந்தேன் என்பவர் ஏதோ காரியமாகத்தான் வந்திருப்பார். சும்மா இரு என்றால் அதட்டலும் ஆகும். அக்காவோ தன் சீட்டு கிழிந்தது என்றே நினைத்துவிட்டாள்.

"சார், வேலையிலேருந்து எடுத்துடாதீங்க!" என்று அழுதேவிட்டாள்.

அவர் பதறிப்போனார். "ஐயையோ, யாரும்மா உன்னை எடுத்தா? சம்பளம் வரும். உன் இடம் உனக்குத்தான். புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக் குடு, போன் மட்டும் வேண்டாம். டாக்டர பாரு, வேலை நேரத்துலயே போயிட்டு வா. நான் சொன்னது நிஜமாவே சும்மா இருக்கிற சும்மாம்மா!"

அதோடு விடவில்லை. மோசமான அழைப்பை முடித்தவர் யாராக இருந்தாலும் எழுந்து கொஞ்ச நேரம் வெளியே போய் வர வேண்டும், அவர் போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று அறை முழுவதற்கும் ஏற்பாடு செய்தார். இனி யாரும் கெஞ்ச வேண்டாம், பொய்த் தலைவலியும் வேண்டாம். இதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. கதைக்குத்தான் நஷ்டம்.

3

முடிவுகள்:

(அ) முதல் அழைப்பிலேயே ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறாள். (சினிமாத்தனம்.)

(ஆ) போன் அடிக்கிறது, கை நகரவில்லை, அவள் பையை எடுத்துக்கொண்டு... (இதை எழுதிய என் கையை உடைக்க வேண்டும்.)

(இ) முதல் அழைப்பு ராங் நம்பர். கேஸ் சிலிண்டர் ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருவர் சண்டை போடுகிறார். (என் ஆசை இதுதான்.)

(ஈ) என்று எழுதும்போதே கதவு திறக்கிறது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போகிறாள். பாத்திர மூடிகளைத் தூக்கிப் பார்க்கும் சத்தம்.

"என்னடா, ஒண்ணுமே செய்யலையா? பசி உயிர் போகுது."

அவள் இப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன அழைப்பு வந்தது, எடுத்தாயா என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறது. கேட்கப் போவதில்லை. அந்த அழைப்பை உங்களிடம் விட்டுவிடுகிறேன், இஷ்டம்போல எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அடுப்பைப் பற்றவைக்கிற வேலை இருக்கிறது.