ஏணியின் இடது முழங்கால்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு முந்நூறு வார்த்தையில் ஒரு முன்னோட்டம் கேட்டார்கள். சனிக்கிழமை மாலை நடக்கவிருந்த கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஆற்றங்கரைக் கல்லூரியும் குன்றுக் கல்லூரியும். முந்நூறில் அடங்காமல் வழிந்ததெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கேட்டது என்னிடம்தான். ஆனாலும் இனி ‘நிருபர்’ என்றே சொல்லப்போகிறேன். ‘நான்’ என்று ஆரம்பித்தால் இரண்டாவது பத்திக்குள் என்னை நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன். நிருபர் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று திட்டலாம்.

நிருபரின் முதல் முயற்சி: “இரு மலைகள் மோத—”

அடித்துவிட்டார். ஒன்றுதான் குன்று, மற்றது ஆற்றங்கரை.

இரண்டாவது: “அனல் பறக்கும் ஆட்டத்துக்கு—”

அந்த உள்ளரங்கில் நாலு மின்விசிறியில் மூன்று சுற்றாது என்பது உண்மைதான். ஆனாலும் வேண்டாம்.

மூன்றாவது: “இந்தப் பருவத்தில் இரு அணிகளும் இருமுறை சந்தித்தன. ஒருமுறை ஆற்றங்கரை இரண்டு புள்ளியில் வென்றது. மறுமுறை குன்று ஒரே ஒரு புள்ளியில்.”

இது நின்றது. அச்சிலும் இதுவேதான் வந்தது.

2

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை அணியின் கோச் நிருபரின் கூடப்பிறந்த அக்கா. அந்தக் கூச்சத்தில் அவர் அக்காவின் அணியைப் பற்றி எப்போதும் இரண்டு பிடி காரம் தூக்கலாகவே எழுதுவார். “ஊர்ல இருக்கறவனெல்லாம் என் பொண்ணுங்களைப் பாராட்டி எழுதறான், இவன் ஒருத்தனுக்கு மட்டும் கண்ணுல நொள்ளை” என்று அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த அணியின் தூண், எல்லோரும் ‘ஏணி’ என்று கூப்பிடும் பெண்.*

(இங்கே குன்று அணியின் கோச்சைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒரு கெட்டவர் இருந்தால் கதை சுலபமாக நகரும். ஆனால் புதன்கிழமை காலை நிருபர் அவரைப் பார்க்கப் போனபோது, அவர் தன் பெண்களின் தண்ணீர் பாட்டில்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டாத சீட்டை ஊதி ஊதி அழுத்தினார். “மாத்திக் குடிச்சுட்டு சளி புடிச்சுக்குதுங்க சார்” என்றார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?)

* உயரத்தால் வந்த பெயரில்லை. ஒரே தாவலில் இரண்டு முறை உயர்வது போலத் தோன்றும். முதல் படி, அப்புறம் மேலே இன்னொரு படி. ஆள் நடுத்தர உயரம்தான்.

3

புதன் மாலை நிருபர் ஆற்றங்கரைப் பயிற்சிக்கு அரைமணி முன்னதாகவே போய்விட்டார். அரங்கில் யாருமில்லை. பார்வையாளர் படிக்கட்டின் உச்சியிலிருந்து ஏணி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நடை பழகும் குழந்தை போல. ஒரு கை கம்பியில். பாதி வழியில் நின்று இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

வாசலில் தோழிகளின் சிரிப்புச் சத்தம் கேட்டதும் கம்பியை விட்டாள். மிச்சம் ஆறு படியையும் தடதடவென்று ஓடியே இறங்கினாள்.

தூணுக்குப் பக்கத்தில் நின்ற நிருபரை அப்போதுதான் பார்த்தாள். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

4

நிருபருக்கு முன்னால் மூன்று வழி.

ஒன்று, பார்த்ததை எழுதுவது. பத்திரிகைக்காரனின் வேலை அதுதான். ஆனால் சனிக்கிழமை குன்று அணியில் யாராவது ஒருத்தி, வேண்டுமென்றே இல்லாவிட்டாலும், அந்தக் கால் பக்கமாகவே

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

இரண்டு, அக்காவிடம் சொல்வது. அக்காவுக்குத் தெரியாது என்பதை நிருபர் பயிற்சியின்போதே கண்டுகொண்டார். தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணை முப்பது முறை தாவவிட்டிருக்க மாட்டார்.

மூன்று, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவது. உண்மையைச் சொன்னால் நிருபர் மூன்றாவது வழியில் பஸ் நிறுத்தம் வரை போனார். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. திரும்பி வந்து சைக்கிள் கொட்டகையில் ஏணியைப் பிடித்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“எப்படி சார்?”

“ஏம்மா, நான் பார்த்தேன்.”

அவள் சைக்கிள் பூட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். “மூணு வாரமா. சனிக்கிழமை மாநில அணித் தேர்வுக் குழுவுல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க சார். அந்த ஒரு நாள் தாங்கிட்டாப் போதும்.”

“தாங்கலைன்னா?”

பூட்டைக் கழற்றிக் கூடையில் போட்டாள். பிறகு, ஏதோ பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுப்பது போல, “சரி, எழுதணும்னா எழுதிக்குங்க” என்றாள். “ஆனா வலது முழங்கால்னு எழுதிடுங்க.”

நிருபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று சைக்கிள் சீட்டில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள்.

“நான் அக்காகிட்ட சொல்லப்போறேன்மா.”

“சொன்னா உக்கார வெச்சுடுவாங்க.”

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு சார் என்கிட்ட கேக்கறீங்க?”

நியாயமான கேள்வி. மூன்று வெவ்வேறு பதில் எழுதி அடித்துவிட்டேன். அன்றைக்கு நிருபர் அவள் சைக்கிளை வாசல் வரை உருட்டிக்கொண்டு போனார், அதுவே இருக்கட்டும்.

5

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று நிருபருக்குப் பட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தவர், மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்தார்.

“மூணு வாரமா என் கண்ணு முன்னாடி ஓடியிருக்கா. எனக்குத் தெரியல பாரு.”

“மறைச்சிருக்கா அக்கா.”

“மறைக்கற மாதிரி நான்தானே வெச்சிருக்கேன்? கப்பு, கப்புன்னு.”

வியாழன் காலை டாக்டரிடம் அக்காவே கூட்டிப்போனார். தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். இன்னொரு தாவலில் முழுசாகப் போயிருந்தால் ஆறு வாரம் ஒரு வருஷமாகியிருக்கும், தாவலே இல்லாமல் போனாலும் போயிருக்கும் என்றார்.

வெள்ளி மதியம் அக்காவிடமிருந்து போன்.

“நாளைக்குப் பேப்பர்ல அவ ஆடலைன்னு போடாதடா. அவங்க அவளுக்காகவே திட்டம் போட்டு வரட்டும். கோச்சாக் கேக்கறேன்.”

“டிக்கெட் வாங்கிட்டு அவளைப் பார்க்க வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அக்கா யாரிடமோ “பந்தையெல்லாம் எடுத்து வைங்கடி” என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார்.

“சரி, போடு. ஆனா எந்தக் கால், எவ்வளவு கிழிசல், அதெல்லாம் வேண்டாம். இதே குன்றுப் பொண்ணுங்களை எதிர்த்து அவ இன்னும் எத்தனையோ ஆட்டம் ஆடணும். இது கோச்சு கேக்கல.”

6

சனிக்கிழமைப் பேப்பரில் அவளைப் பற்றி வந்தது இதுதான்: “காயம் காரணமாக ஏணி ஆடமாட்டார்.”

காலை ஏழு மணிக்கு நிருபரின் போனில் செய்தி: “மூணு வருஷத்துல என்னைப் பத்தி நீங்க எழுதினதுலயே சின்ன வாக்கியம் இதுதான் சார்.”

கோபமா கிண்டலா என்று நிருபருக்குத் தெரியவில்லை. நான் எத்தனையோ தடவை படித்துப் பார்த்துவிட்டேன், எனக்கும் தெரியவில்லை.

7

முன்னோட்டத்தின் வேலை ஆட்டத்துக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிருபருக்கு மனசு கேட்கவில்லை, போனார்.

ஏணிக்குப் பதில் இறங்கியவள் இரண்டாம் வருஷத்துப் பெண். முதல் பத்து நிமிடம் பந்து கைக்கு வந்தாலே சூடு பட்டது போல யாரிடமாவது தள்ளிவிட்டாள். ஏணி பெஞ்சில் காலை நீட்டி, தேர்வுக் குழுவின் பக்கமே திரும்பாமல், தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நிருபரையும் பார்க்கவில்லை.

ஆட்டத்தின் இரண்டாவது பத்து நிமிடத்தில் ஏணியால் அடக்க முடியவில்லை. “எதுக்குடி பயப்படற? உன்னைத் தடுக்கறவ இடது பக்கம் மெதுவாத்தான் திரும்பறா, அந்தப் பக்கமாப் போ!” என்று கத்தினாள். சின்னப் பெண் அந்தப் பக்கமாகப் போனாள். பந்து வளையத்தில் விழுந்தது. அதற்கப்புறம் ஏணியின் தொண்டை ஓயவில்லை. குன்று அணியின் கோச், “கால்தான் சரியில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை” என்று சொல்லிச் சிரித்தது நிருபரின் காதிலேயே விழுந்தது.

கடைசியில் பதினொரு விநாடி மிச்சம். அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று. பந்து ஆற்றங்கரையின் கையில். அக்கா டைம்-அவுட் கேட்டார். பெண்கள் சுற்றி நின்றார்கள். அக்கா பலகையில் ஒரு கோடு போட்டார், அழித்தார், இன்னொன்று போட்டார். ஏணி உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள்.

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கொடுத்தார்.

அவள் என்ன வரைந்தாள் என்று நிருபருக்குத் தெரியாது. குனிந்த தலைகள் மறைத்துவிட்டன. விசில் ஒலித்தது.

மிச்சம் பதினொரு விநாடி இருக்கிறது. அன்று என்ன ஆனது என்பது எனக்குத் தெரியும், அதை எழுதினால் இது வெறும் ஆட்டச் செய்தியாகிவிடும். நீங்களே ஆடி முடித்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையை ஜெயிக்க வையுங்கள். குன்று கோச்சின் முகம் ஞாபகம் வந்தால் அவரை ஜெயிக்க வையுங்கள். நான் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று. பந்து எந்த வளையத்தில் விழுந்தாலும் அந்தப் பெண்ணைத் துள்ளிக் குதிக்க மட்டும் விட்டுவிடாதீர்கள். தோளைப் பிடித்து உட்கார வையுங்கள். ஆறு வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.